ஓடிப்போன பயலுக

செக்காலை ரோட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒரு தடவை நடந்து பாருங்கள். பகலில் கால் வைக்க இடமில்லாத கடைவீதி. ஷட்டர்கள் இறங்கின பிறகு பரோட்டாக் கடைக்குள்ளே பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ரெண்டு பேர், ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிற லாரி கேபினில் ஒருத்தன், கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் அண்டா குண்டாக்களுக்கு நடுவில் நாலு பேர், பஸ் ஸ்டாண்டு சிமெண்டுத் திண்டில் இன்னும் சிலர். எல்லாம் பதினாறு, பதினெட்டு, இருபது வயசு. யாருடா இவங்க என்று கேட்டால் ஊர் ஒரே சொல்லில் பதில் வைத்திருக்கிறது: "வீட்டை விட்டு ஓடிவந்த பயலுக."

இந்தச் சொல்லைத்தான் நான் இங்கே சண்டைக்கு இழுக்கிறேன். போலீசும் வாத்தியாரும் தொண்டு நிறுவனத்து ஆலோசகரும் பத்திரிகைக்காரரும் ஒருமனதாகப் பயன்படுத்துகிற சொல் இது. சினிமாப் பைத்தியம், செல்போன், கெட்ட சகவாசம், படிப்பு ஏறவில்லை, அப்பன் திட்டினான், ஓடிட்டான். முடிந்தது கதை. பையனுடைய புத்தியில் கோளாறு, அல்லது அவன் குடும்பத்தில் கோளாறு. ஊரில் கோளாறே இல்லை. ஓடினவனைப் பிடித்து "அறிவுரை கூறி" திருப்பி அனுப்பினால் பிரச்சினை தீர்ந்தது என்று மறுநாள் செய்தி வரும்.

சரி, ஓடினான் என்றே வைத்துக்கொள்வோம். எதிலிருந்து ஓடினான்? வீட்டிலிருந்து என்கிறார்கள். எந்த வீடு அது?

நம்ம தெருவுப் பிள்ளைகள் பெரும்பாலானவர்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் அளவைச் சொல்கிறேன். 1985-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் ஒரு வீட்டுக்கு விதித்த அளவு 20 சதுர மீட்டர். ஏறக்குறைய 215 சதுர அடி. காலனி வீடு என்று நாம் சொல்வது இதைத்தான். 2016-இல் அந்தத் திட்டம் பிரதமர் பெயருக்கு மாறியபோது 25 சதுர மீட்டர் ஆனது. 2024-இல் தமிழ்நாடு அரசின் கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடிக்கு வந்திருக்கிறது. அதற்கு முன்னால் கட்டிய காலனி வீடுகள் ஓட்டையும் ஒழுக்குமாக இன்னும் நிற்கின்றன. அதில்தான் ரெண்டு மூணு தலைமுறை இருக்கிறது.

215 சதுர அடியில் அப்பன், ஆத்தா, அப்பத்தா, ரெண்டு ஆம்பளைப் பிள்ளை, ஒரு பொம்பளைப் பிள்ளை. பெரியவனுக்குக் கல்யாணம் ஆகிறது. அன்றைக்கு ராத்திரியே இளையவனுக்கு அந்த வீட்டில் படுக்க இடம் போய்விடுகிறது. யாரும் அவனைப் போ என்று சொல்வதில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரியும். சாக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவுக்கோ, சமுதாயக் கூடத்துக்கோ, மாரியாத்தா கோயில் மேடைக்கோ போகிறான். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. அப்படியே ஒரு நாள் காரைக்குடிக்குப் பஸ் ஏறிப் பரோட்டாக் கடையில் மாவு பிசையச் சேர்ந்துவிடுகிறான். அங்கே சோறும் உண்டு, படுக்க ஒரு பெஞ்சும் உண்டு. இவன் ஓடிப்போனவனா? நாலு பேருக்கு மேல் கொள்ளாது என்று தெரிந்தே கட்டின வீட்டிலிருந்து பிதுங்கி வெளியே விழுந்தவன்.

ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தனி அறை வேண்டும், தனி அடுப்பு வேண்டும் என்ற அறிவு இந்தச் சீமைக்குப் புதுசு இல்லை. செட்டிநாட்டு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். பட்டாலையும் முகப்பும் தாண்டி உள்ளே போனால் வளவு. அந்த முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. நகரத்தார் அதை வெறும் பழக்கமாக விடவில்லை, முறையாகவே ஆக்கி வைத்தார்கள். கல்யாணம் ஆனதும் அந்தச் சோடி ஒரு புள்ளி என்று கோயில் கணக்கில் ஏறும். கொஞ்ச காலத்தில் "வேறு வைப்பார்கள்". ஒரே வீட்டுக்குள்ளேயே பாத்திரம் பண்டம், அரிசி பருப்பு எல்லாம் கொடுத்துத் தனிச் சமையல் வைத்துக் கொடுப்பது. இளசுகளுக்குத் தங்கள் காலில் நிற்கப் பயிற்சியும் ஆச்சு, தலைக்கு மேல் கூரையும் போகவில்லை. நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்யத் தெரிந்த அதே ஊர், அந்த அறைகளுக்குப் பர்மாத் தேக்கு சுமந்தவன், சுண்ணாம்பு அரைத்தவன், ஆத்தங்குடிக் கல் பதித்தவன் பிள்ளைக்குப் படுக்க இடம் இல்லாததை அவன் புத்திக் கோளாறு என்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் பதினாலு பதினஞ்சு வயசுச் செட்டியார் வீட்டுப் பையன் கொண்டுவிக்கப் போனான். ரங்கூனோ பினாங்கோ கொழும்போ. பெட்டியடிப் பையன் என்று கடையில் உட்கார்ந்தான். வீட்டை விட்டுத்தான் போனான். ஆனால் போன இடத்தில் கிட்டங்கி இருந்தது, முதலாளி அவன் சாதிக்காரர், கும்பிடத் தண்டாயுதபாணி கோயிலும் அங்கேயே இருந்தது. காசிக்குப் போனால் நகரத்தார் சத்திரம், ராமேசுவரத்துக்குப் போனால் நகரத்தார் சத்திரம். சாதி என்பது பலருக்கு ஊருக்கு ஊர் கட்டி வைத்த கூரை. நமக்கு அதே சாதி ஊருக்கு ஊர் சாத்தின கதவு. ஒரே வயசில் வீட்டை விட்டுப் புறப்பட்ட ரெண்டு பையன்களில் ஒருவன் வணிகம் பழகப் போனவன், இன்னொருவன் ஓடுகாலி. வித்தியாசம் பையனிடத்தில் இல்லை.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கவியரசு கண்ணதாசனுக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறார்கள். சிறுகூடல்பட்டிக்காரர். பதினாறு வயசுவாக்கில் வீட்டுக்குச் சொல்லாமல் மெட்ராசுக்குக் கிளம்பியவர், பட்டினி கிடந்தவர், கடற்கரையில் படுக்கப் போய்ப் போலீஸ்காரரால் விரட்டப்பட்டவர். இதையெல்லாம் மறைக்காமல் 'வனவாசம்' நூலில் எழுதினவர். அந்த ஓட்டம் இப்போது இலக்கிய வரலாறு. மேடைக்கு மேடை சொல்லி நெகிழ்கிறார்கள். இந்தப் பக்கம் சிராவயலில் ஆசிரமம் நடத்தினாரே ஜீவா, 1927-இல் காந்தி தேடிவந்து பார்த்தாரே, அவரும் தீண்டாமையை எதிர்த்து வீட்டோடு முரண்பட்டு இளவயசிலேயே வெளியேறியவர்தான். அதுவும் இப்போது தியாக வரலாறு. இருவரையும் நான் மதிக்கிறேன். மதிப்பதால்தான் கேட்கிறேன்: மணிமண்டபத்துக்குப் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிற பயலை லத்தியால் தட்டி எழுப்பும்போது அவன் எந்த வரலாற்றைச் சேர்ந்தவன்? வீட்டை விட்டு வெளியேறுகிற துணிச்சல் மேல்சாதிப் பையனுக்கு வந்தால் தேடல். நம்ம பையனுக்கு வந்தால் குற்றப்பத்திரிகை.

வெளியே தள்ளுவது இடநெருக்கடி மட்டும் இல்லை. இந்தச் சீமையின் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. சிவகங்கை அப்போது ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1930 டிசம்பரில் அம்மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன் வெள்ளி நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை கூடாது, கிராப்பு கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது, பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. கீழ்ப்படியாதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடு கொள்ளை போயிற்று. அது போதாது என்று 1931 ஜூனில் பதினொரு தடைகள். 1931 குடிமதிப்பை நடத்திய ஹட்டன் இவற்றை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பதினொன்றில் நம்ம விசயத்துக்கு வேண்டியது இது: ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க மட்டுமே அனுப்பப்பட வேண்டும், நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிரிடக் கூடாது, சொந்த நிலம் இருந்தால் மலிவு விலைக்கு மிராசுதாருக்கே விற்றுவிட வேண்டும். பிள்ளையையும் மண்ணையும் ஒரே தீர்மானத்தில் எடுத்துக்கொண்டார்கள். வீடு என்பது நாலு சுவர் என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். மண் போனால், பிள்ளையின் படிப்பு போனால், மிச்சமிருக்கிற குடிசை பண்ணையாருடைய தொழுவத்தின் நீட்டிப்புதான்.

அதெல்லாம் பழங்கதை என்பார்கள். 1979-இல் தேவகோட்டைக்குப் பக்கத்தில் உஞ்சனையில் நம்மவர்கள் அய்ந்து பேரைக் கொன்றார்கள். 2018 மே மாதம் இதே சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் ராத்திரி வீடு புகுந்து வெட்டினார்கள், மூன்று பேர் செத்தார்கள். 2022-இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2025 பிப்ரவரியில் மானாமதுரைப் பக்கம் ஒரு கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். புல்லட் வண்டி ஓட்டியதுதான் குற்றம் என்று குடும்பம் சொன்னது, போலீஸ் முன்விரோதம் என்றது. முழங்காலுக்குக் கீழே வேட்டி என்பது இப்போது புல்லட் ஆகியிருக்கிறது. இப்படி ஒன்று நடந்தால் ஊரில் என்ன ஆகிறது தெரியுமா? வயசுப் பையன்களைத்தான் முதலில் வெளியூருக்கு அனுப்புகிறார்கள். "நீ இங்கிட்டு இருந்தா ஏதாவது ஆயிரும்யா, திருப்பூருக்குப் போயிரு, கோயமுத்தூருக்குப் போயிரு." பெற்ற தாயே பையைத் தூக்கிக் கையில் கொடுத்து அனுப்பிய பிள்ளையை எந்த ஆலோசகர் எந்தப் படிவத்தில் "குடும்பத் தகராறு" என்று குறிப்பார்?

காதலித்தவர்கள் கதை இன்னும் மோசம். சாதி தாண்டிச் சேர்ந்த பத்தொன்பது இருபது வயசுச் சோடிகளைப் போல வீடற்றவர்கள் இந்த நாட்டில் யாரும் இல்லை. ரெண்டு வீடும் இல்லை, ஊரும் இல்லை, வாடகைக்கு ஆளும் இல்லை. 2012 நவம்பர் 7-ஆம் தேதி தருமபுரி நத்தம் காலனியையும் பக்கத்துக் காலனிகளையும் எரித்தார்களே, 268 வீடுகள், எதற்கு? ஒரு பெண்ணும் ஒரு பையனும் தங்களுக்கென்று ஒரு வீடு தேடினார்கள் என்பதற்கு. எட்டே மாதத்தில், 2013 ஜூலையில், இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தான். 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் இப்படிப்பட்ட சோடிகளுக்குப் பாதுகாப்பு தரச் சொன்ன தீர்ப்பில், மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் பாதுகாப்பு இல்லம் அமைப்பதை மாநில அரசுகள் பரிசீலிக்கலாம் என்றது. இந்த 'லாம்' என்ற விகுதியை மனசில் வையுங்கள். திரும்ப வரும்.

இனி அந்தப் பரோட்டாக் கடைப் பெஞ்சுக்கு வருவோம். நம்ம இளசுகளுக்குக் கிடைக்கிற கூரை எல்லாமே வேலையோடு சேர்த்துக் கட்டின கூரை. இதுதான் விசயத்தின் நடுமுள். கடைப்பையன் கடையில் படுக்கிறான். கிளீனர் லாரியில் படுக்கிறான். செட்டிநாட்டுச் சமையல் என்று ஊர் ஊராகப் போகிற கான்ட்ராக்டரிடம் பாத்திரம் கழுவுகிறவன் மண்டபத்தில் படுக்கிறான், முகூர்த்தம் இல்லாத மாசத்தில் அவனுக்கு வேலையும் இல்லை, மண்டபமும் இல்லை. முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் வேலை போகும் என்பது எல்லாத் தொழிலாளிக்கும் உள்ளது. இவனுக்கு அந்த ராத்திரியே படுக்கையும் போகும். கூலி குறைந்தாலும் கை வெந்தாலும் அடி வாங்கினாலும் பேசாமல் கிடக்கிறானே, அது பணிவு இல்லை. வெளியே மழை பெய்கிறது, அவ்வளவுதான்.

பெண்பிள்ளைகளை ரோட்டில் காண முடியாது. அதனால் வீடற்ற பெண்பிள்ளைகள் இல்லை என்று கணக்கெடுக்கிறார்கள். எங்கே இருக்கிறார்கள் என்று நான் சொல்கிறேன். நூற்பாலை விடுதிகளில் இருக்கிறார்கள். சுமங்கலித் திட்டம் என்று மங்கலமான பேர் வைத்து நம்ம மாவட்டத்திலிருந்தும் பிள்ளைகளை வேன் வைத்து ஏற்றிப் போனார்கள். மூன்று வருசம் மில் விடுதியிலேயே தங்கி வேலை, முடிவில் முப்பதாயிரம், அம்பதாயிரம் என்று மொத்தப் பணம், அது கல்யாணச் செலவுக்கு. மூன்று வருசத்துக்குள் உடம்பு முடியாமல் திரும்பினால் அந்தப் பணத்துக்கு உத்தரவாதம் கிடையாது. போன பிள்ளைகளில் பெரும்பகுதி தலித் பிள்ளைகள். பேருக்கு எதிர்ப்பு வந்ததும் பேர் மாறியது. விடுதியில் வைத்துப் பூட்டி வேலை வாங்குவது மாறவில்லை. மில்லுக்குப் போகாதவள் சென்னை ஜவுளிக்கடை விடுதியில் இருக்கிறாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி சேலை காட்டுகிறவளுக்கு உட்கார ஒரு நாற்காலி தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-இல்தான். இன்னொருத்தி யாரோ வீட்டில் அடுப்படித் தரையில் படுக்கிறாள், "எங்க வீட்டுப் புள்ள மாதிரி." மற்றவளுக்குப் பதினேழு வயசில் தாலி கட்டி ஒரு கூரைக்குள் அனுப்பிவிட்டார்கள். இவர்களில் ஒருத்தியாவது இந்த இடம் வேண்டாம் என்று இன்றைக்கு ராத்திரி கதவைத் திறந்து வெளியே வந்தால் எங்கே போவாள்? போக இடம் இல்லாதவளுக்கு வீடு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

அரசாங்கம் சொல்கிறது. மக்கள்தொகைக் கணக்கில் வீடற்றோர் என்றால் ரோட்டோரம், பிளாட்பாரம், பாலத்தடி, கோயில் மண்டபம், ரயிலடி என்று திறந்தவெளியில் கிடப்பவர்கள். 2011 பிப்ரவரி 28-ஆம் தேதி ஒரே ராத்திரியில் எண்ணினார்கள். இந்தியா முழுக்க 17 லட்சத்து 70 ஆயிரத்துச் சொச்சம் வந்தது. மில் விடுதியில் கிடப்பவளும் மெஸ்ஸில் கிடப்பவனும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்களுக்கு "நிறுவனக் குடும்பம்" என்று தனிப் பேர் உண்டு. குடும்பமாம்! அதே கணக்கில் நகரங்களில் மட்டும் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. காரைக்குடிக்காரனுக்கு இதற்குப் புள்ளிவிவரம் வேண்டாம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்தத் தெருவிலும் பூட்டு தொங்குகிறது. பின்கட்டில் வாட்ச்மேன் குடும்பம் ஒன்று விளக்கேற்றிக்கொண்டிருக்கும். தூணை விற்று, கதவை விற்று, முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வீடுகள் துண்டு துண்டாக வந்து சேர்கின்றன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் சேர்த்தார்கள். பாதுகாக்க வேண்டிய மரபு என்கிறார்கள். பாதுகாக்கட்டும். அறுபது அறை வீட்டைப் பற்றிக் கவலைப்படத் தெரிந்த படிப்பாளிகள் அந்த வாட்ச்மேன் மகன் எங்கே படுக்கிறான் என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவார்கள்?

வேலையோடு ஒட்டாத கூரை வேண்டும் என்றால் வாடகைக்கு அறை பிடிக்க வேண்டும். கையில் சம்பளம் இருக்கிற, படித்த நம்ம பையன் போய் நிற்கிறான். "எந்த ஊரு தம்பி?" ஊர் சொல்கிறான். "அங்க எந்தத் தெரு?" தெருவையும் சொன்னால் முடிந்தது. "சொந்தக்காரங்க வாராங்கன்னாங்க, வீட்டுக்காரரு வந்தவுடனே கேட்டுச் சொல்றேன்." சாதி என்ன என்று யாரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? சைவமா அசைவமா என்று கேட்பார்கள். செட்டிநாட்டுக் கோழிக்கு உலகம் பூராவும் கடை திறந்த ஊரில் இந்தக் கேள்வி வரும்போது சிரிப்புத்தான் வருகிறது.

படிப்பும் பட்டமும் வந்தால் இதெல்லாம் மாறும் என்று நம்புகிறவர்களுக்கு ரெண்டு பேரைக் காட்டுகிறேன். 1917-இல் கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடா அரசு வேலைக்கு வந்த பாபாசாகேப் அம்பேத்கருக்கு வயசு 26. ஊரில் ஓர் இந்து விடுதியும் இடம் தராது என்று தெரிந்து, பார்சி என்று பேர் கொடுத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இந்து நண்பரிடம் போனார், கிறிஸ்தவ நண்பரிடம் போனார், ரெண்டு பேரும் நயமாகக் கைவிரித்தார்கள். ஒரு பொதுத் தோட்டத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார். இதே மனிதர்தான் 1931-இல் காந்தியைப் பார்த்து எனக்குத் தாயகம் இல்லை என்று சொன்னார். அதை அரசியல் வாதமாக மட்டும் படித்தவர்கள் அந்தத் தோட்டத்தை மறந்துவிட்டார்கள். அடுத்தவர் ரோகித் வெமுலா. அவருக்கும் 26. அய்தராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அய்ந்து தலித் ஆய்வு மாணவர்களை 2016 ஜனவரி தொடக்கத்தில் விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வந்து வளாகத்துக்குள்ளேயே வெட்டவெளியில் கூடாரம் போட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேர் வெலிவாடா. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த தெருவுக்குத் தெலுங்கில் அதுதான் பேர். ஜனவரி 17-இல் ரோகித் செத்தார். விடுதி அறையைப் பிடுங்குவது என்ன தண்டனை என்று போய்த் தங்க வேறு இடமுள்ள மாணவனுக்குப் புரியாது.

விடுதி என்றதும் நம்ம விடுதியைப் பேசாமல் விட முடியாது. ஆதிதிராவிடர் நல விடுதி இல்லை என்றால் நம்மில் பாதிப் பேர் எழுதப் படிக்கத் தெரியாமல் போயிருப்போம். அந்த நன்றி எனக்கு உண்டு. தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 2023-இல் உணவுப்படியைப் பள்ளி மாணவனுக்கு மாதம் 1,000-லிருந்து 1,400 ரூபாயாக உயர்த்தினார்கள். நாளைக்கு 47 ரூபாய் கூட வராது, அதில் மூணு வேளை. 2025 ஜூலையில் எல்லா அரசு விடுதிகளுக்கும் சமூகநீதி விடுதி என்று பேர் வைத்தார்கள். போர்டு பளபளவென்று இருக்கிறது. போர்டுக்குக் கீழே உள்ள கதவு பரீட்சை முடிந்த அன்றைக்குச் சாத்தப்படுகிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ என்கிறார்கள். வீடு இருக்கிறது என்ற அனுமானத்தில் நடக்கிற விடுதி! அப்பனும் ஆத்தாளும் செங்கல் சூளைக்குக் குடிபெயர்ந்து போயிருப்பார்கள். மே மாதம் பூராவும் அந்தப் பையன் மண்டபத்தில் எச்சிலை எடுக்கிறான். ஜூனில் திரும்பி வந்தால் வந்தான். பள்ளியை விட்டு நின்றவர்கள் என்று கல்வித்துறை கணக்கெடுக்கிறதே, அதில் எத்தனை பேர் இந்தக் கோடை விடுமுறையில் நழுவினவர்கள் என்று யாராவது எண்ணினார்களா?

பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளுக்கு வேறு சட்டம். 2015-இன் இளைஞர் நீதிச் சட்டப்படி பதினெட்டு முடிந்த நாளில் இல்லத்தை விட்டு வெளியே வர வேண்டும். அதன்பின் 21 வரை, சில நேரம் 23 வரை பின்பராமரிப்பு என்று ஏட்டில் இருக்கிறது. சட்டத்தின் 46-ஆம் பிரிவு அவனுக்கு நிதியுதவி "அளிக்கலாம்" என்கிறது. இதோ வந்துவிட்டது அந்த 'லாம்'. வெளியே போக வேண்டும் என்பதில் 'வேண்டும்', உதவி செய்வதில் 'லாம்'. நமக்கான சட்டங்களை இந்த ரெண்டு விகுதிகளை மட்டும் அடிக்கோடிட்டுப் படியுங்கள், அரசின் மனசு விளங்கிவிடும்.

இனி நம்ம பக்கம். இதை எழுதாவிட்டால் நேர்மை இல்லை. நம் இயக்கங்கள் பஞ்சமி நிலம் கேட்டன, வீட்டுமனைப் பட்டா கேட்டன. சரியான கோரிக்கைகள், ரத்தம் சிந்திக் கேட்டவை. ஆனால் எப்போதும் "குடும்பத் தலைவர்" பேரில்தான் கேட்டோம். இருபது வயசுப் பெண் தனக்கென்று ஒரு கதவும் தாழ்ப்பாளும் வேண்டும் என்றால் நம் தோழர்களே முகம் சுளிக்கிறார்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பனிடமிருந்து வெளியேறிய பிள்ளையைச் சமாதானம் பேசித் திருப்பி அனுப்புகிற வேலையை நம் தெருப் பஞ்சாயத்தும் செய்கிறது. பெண்ணாக உணர்ந்த பையனைச் சோறு போடாமல் விரட்டின வீடுகளில் நம் வீடுகளும் உண்டு. 2008-இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது, 2014-இல் உச்சநீதிமன்றமும் அவர்கள் உரிமையை ஏற்றுக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் அந்தப் பிள்ளை நிற்கும்போது நம்ம தெருக்காரனே தெரியாத மாதிரி போகிறான். ஆதிக்கச் சாதி நம்மை ஊருக்கு வெளியே வைத்தது. நம் பிள்ளைகளில் சிலரை நாம் சேரிக்கு வெளியே வைத்திருக்கிறோம். மேல்சாதி வீட்டின் அதிகாரத்தை எழுதி எழுதிக் கிழித்த நாம் நம் வீட்டுக்குள் இருக்கிற அதிகாரத்தைப் பண்பாடு என்று மழுப்புவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே கேட்க வேண்டியதைத் துலக்கமாகக் கேட்போம். நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஓர் உறைவிடம், வருசம் பூராவும் திறந்திருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010-இல் சொன்னது. 2011 கணக்குப்படியே காரைக்குடி லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2024-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மாநகராட்சிக் கூட்டத்தில் கேளுங்கள்: பதினெட்டு வயசுப் பெண்ணோ திருநங்கையோ ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அடையாள அட்டை இல்லாமல் வந்தால் கதவு திறக்கிற இடம் செக்காலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? கலெக்டரிடம் கேளுங்கள்: சாதி தாண்டிச் சேர்ந்தவர்களுக்குச் சிவகங்கையில் பாதுகாப்பு இல்லம் எந்தத் தெருவில் இருக்கிறது? நலத்துறையிடம் கேளுங்கள்: மே மாதம் விடுதிக்கு எதற்குப் பூட்டு? மாணவர்கள் ஒன்று செய்யலாம். வருகிற பரீட்சை முடிகிற அன்று பெட்டியைக் கட்டாமல், போக இடமில்லாதவர்களோடு விடுதியிலேயே உட்காருங்கள். வார்டன் வந்து வீட்டுக்குப் போகச் சொல்வார். எந்த வீட்டுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளை நகல் எடுத்து ஒன்றை இந்தப் பத்திரிகைக்கும் அனுப்புங்கள்.